அப்படியானால் யுரேனியம்?

(பாகூர், வில்லியனூர் கொம்யூன்களைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில், ஓய்வுபெற்ற இயற்பியல் விரிவுரையாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நீட் தேர்வைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்று இன்று நான் பேசப்போவதில்லை. அதற்கு வேறு மேடைகள் இருக்கின்றன. எனக்கும் அதில் கருத்து உண்டு. ஆனால் வருகிற மே மாதம் உங்களில் பலர் அந்தத் தாளின் முன்னால் உட்காரத்தான் போகிறீர்கள். அதற்கு எப்படிப் படிப்பது என்பதுதான் இப்போதைக்கு நம் பாடு. ஆகவே நேராக ஒரு கேள்விக்கே போய்விடுகிறேன்.

2024 மே 5 அன்று நடந்த தேர்வில், இயற்பியல் பகுதியில், இரண்டு கூற்றுகளைக் கொடுத்து எது சரி என்று கேட்டார்கள். அணுவில் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சமம், அதனால் அணு மின் நடுநிலை கொண்டது என்பது முதல் கூற்று. இதில் யாருக்கும் சிக்கல் இல்லை. இரண்டாவது கூற்று, எந்தத் தனிமத்தை எடுத்தாலும் அதன் அணுக்கள் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையைத் தருபவை என்றது. வினை இங்கேதான் ஆரம்பித்தது.

பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் பழைய பதிப்பில் ஏறக்குறைய அதே வாக்கியம் இருந்தது. புதிய பதிப்பில் எல்லாத் தனிமங்களும் என்பதை விட்டுப் பெரும்பாலான தனிமங்கள் என்று திருத்திவிட்டார்கள். அக்காவின் புத்தகத்தைத் தம்பி வாங்கிப் படிக்கிற வீடுகள்தானே நம்முடையவை? பழைய புத்தகத்தில் படித்தவர்கள் இரண்டு கூற்றும் சரி என்று குறித்தார்கள். புதியதில் படித்தவர்கள் இரண்டாவது தவறு என்று குறித்தார்கள். தேர்வு நடத்திய என்.டி.ஏ., இரண்டு விடைக்குமே மதிப்பெண் கொடுத்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நீதிமன்றம் ஐ.ஐ.டி. டெல்லியிடம் மூன்று நிபுணர்களை வைத்து ஆராயச் சொன்னது. அவர்கள் சொன்ன தீர்ப்பு: இரண்டாவது கூற்று தவறு, ஒரே ஒரு விடைதான் சரி. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஐந்து ஐந்து மதிப்பெண் போயிற்று. கிடைத்த நான்கு பறிபோனதோடு, தவறான விடைக்கான ஒன்றும் கழிந்தது. முதலில் 67 பேர் 720-க்கு 720 என்று அறிவித்திருந்தார்கள். மற்ற திருத்தங்களும் சேர்ந்து, கடைசியில் மிஞ்சியவர்கள் 17 பேர்.

எந்தப் பதிப்பு கையில் இருந்தது என்பதை வைத்து ஒரு பிள்ளையின் கல்லூரி தீர்மானமாகலாமா என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் கூற்றும் செம்மையாக எழுதப்பட்டது என்று நான் சொல்லமாட்டேன். நிலையானது என்றால் எந்தப் பொருளில் என்று அது தெளிவாகச் சொல்லவில்லை. ஆனால் ஓர் ஆசிரியனாக எனக்கு வேறொரு கேள்வி எழுந்தது. பழைய புத்தகத்தையே படித்த ஒரு பிள்ளை, சரியான விடைக்குப் போயிருக்க முடியுமா?

முடியும். அந்த வாக்கியத்தைப் படித்த அன்றே, "அப்படியானால் யுரேனியம்?" என்று ஒரு முறை கேட்டிருந்தால் போதும். அதே புத்தகத்தில், அணுக்கள் பாடம் முடிந்ததும் அடுத்த பாடம் அணுக்கருக்கள். கதிரியக்கம் அங்கே வருகிறது. தானாகவே சிதைந்து இன்னொன்றாக மாறுகிற அணுவை எப்படி நிலையானது என்பது? சென்னைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது கல்பாக்கத்தைத் தாண்டித்தானே போகிறோம்? அங்கே மின்சாரம் வருவது யுரேனியத்தின் அணுக்கரு பிளவதால்தான். ஒரு பாடத்தைப் படிக்கும்போது அடுத்த பாடமும் நினைவுக்கு வந்து வழக்காடினால், அதைத்தான் நான் புரிதல் என்கிறேன். வாக்கியத்தை மட்டும் வைத்திருப்பவனிடம், அந்த வாக்கியத்தோடு சண்டை போட இன்னொரு வாக்கியம் இருக்காது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உயிரியல் ஆசிரியர்கள் என்னை விடமாட்டார்கள். தாளில் மொத்தம் 180 கேள்வி. இயற்பியல் 45, வேதியியல் 45, மீதி 90-ம் உயிரியல். அதில் பெயர்கள் வேண்டும், எண்ணிக்கைகள் வேண்டும். மண்டை ஓட்டில் மூளையைச் சூழ்ந்த எலும்பு எட்டு. ஏன் ஒன்பதாக இல்லை என்று யோசித்துக்கொண்டிருந்தால் மணி அடித்துவிடும். அதை உருப்போடுங்கள், தப்பே இல்லை. மனப்பாடத்தைக் கேவலமாகப் பேசுவது இப்போது ஒரு நாகரிகம். எதை உருப்போட வேண்டும், எதை உருப்போட்டால் கெட்டுப்போகும் என்று பிரிக்கத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

நம் பிள்ளைகள் எல்லாவற்றையுமே உருப்போடுவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது ஒப்புதல் இல்லை. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24இல் ஆறு முதல் ஒன்பது வரையும் பதினொன்றும், அடுத்த ஆண்டு பத்தும் பன்னிரண்டும் என்று சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறின. அதுவரை தமிழ்நாட்டுப் பாடநூலைத் தமிழில் படித்த பிள்ளை, திடீரென்று கனமான ஆங்கிலப் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்தது. ஒரு பத்தியில் பாதிச் சொல் விளங்காதபோது அந்தப் பிள்ளை என்ன செய்யும்? பத்தியை அப்படியே விழுங்கும். மொழி விளங்காத இடத்தில் மனப்பாடம்தான் கைக்கு அகப்படுகிற கிளை. அதைப் பிடித்தவனைத் திட்டிப் பயனில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை. தமிழ்நாட்டின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பாடநூல்கள் தமிழில் இருக்கின்றன, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் அதில் அந்தப் பாடத்தைப் படியுங்கள். கதை விளங்கியபின் என்.சி.இ.ஆர்.டி.யைத் திறங்கள். தெரிந்த கதையை வேற்று மொழியில் படிப்பது அவ்வளவு பயமாக இருக்காது. நீட் தாளைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில மூலமே இறுதி என்பது விதி. 2018இல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் பிழை இருந்ததாக வழக்கு நடந்தது. மதுரையில் உயர் நீதிமன்ற அமர்வு 196 மதிப்பெண் தரச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆகவே தமிழில் எழுதுகிறவர்களும் ஆங்கிலக் கலைச்சொற்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி பாடத்துக்கு வருவோம். வகுப்பறைக்கு வெளியே, இந்த ஏரிக்கரைக்கு.

தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து பாகூர் ஏரி நிறைகிறது. புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி நம்முடையது. மதகைத் திறந்தால் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் வெளியேறும்? டாரிசெல்லி விதி புத்தகத்தில் இருக்கிறது: இரண்டு, ஜி, உயரம், மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடு. மதகு வாய்க்கு மேலே இரண்டரை மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். இரண்டு பெருக்கல் 9.8 பெருக்கல் 2.5, நாற்பத்தொன்பது. வர்க்கமூலம் ஏழு. வினாடிக்கு ஏழு மீட்டர். உராய்வால் நிஜத்தில் கொஞ்சம் குறையும், அது இருக்கட்டும். கோடையில் தண்ணீர் கால்பங்காகக் குறைந்துவிட்டது. வேகமும் கால்பங்காகுமா? அவசரமாகத் தலையாட்டுகிறவர்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள். வர்க்கமூலம் இருப்பதால் வேகம் பாதியாகத்தான் குறையும். தேர்வில் கேட்பது இதைத்தான். ஏழு என்ற எண்ணை அவர்கள் கேட்பதில்லை. ஒன்றை மாற்றினால் இன்னொன்று எப்படி மாறும் என்று கேட்கிறார்கள்.

இப்போது மோட்டார். உங்கள் தாத்தாக்கள் காலத்தில் கிணற்று மேட்டில் பம்புசெட் இருந்தது. தண்ணீர் கீழே போகப் போக, கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரை இறக்கினார்கள். பிறகு போர்வெல்லும் அதற்குள் மூழ்கும் சப்மெர்சிபிளும் வந்தன. ஏன் இறக்கினார்கள்? பெரிய குதிரைத்திறன் மோட்டாராக வாங்கி மேலேயே வைத்திருக்கக் கூடாதா? கூடாது. மேலே இருக்கும் பம்பு தண்ணீரை இழுப்பதாக நாம் சொல்கிறோம். உண்மையில் அது குழாயிலுள்ள காற்றை எடுத்துவிடுகிறது, வெளியே இருக்கும் வளிமண்டலம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. வளிமண்டலத்தின் பலத்துக்கு ஓர் எல்லை உண்டு: 10.3 மீட்டர். எத்தனை குதிரைத்திறன் போட்டாலும் அதற்கு மேல் ஒரு சாண் ஏறாது. நடைமுறையில் ஏழெட்டு மீட்டரிலேயே திணறும். சப்மெர்சிபிள் அடியில் இருந்துகொண்டு தள்ளுவதால் அதற்கு அந்த எல்லை இல்லை. பத்து புள்ளி மூன்று என்ற எண் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அப்பா ஏன் மோட்டாரை இறக்கினார் என்று கேட்டால் பாதிப்பேர் விழிக்கிறார்கள். அப்பாவுக்குக் காரணம் தெரியாமல் இருக்கலாம், எல்லை எங்கே என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

கடற்கரைப் பக்கம், மணப்பட்டு, பனித்திட்டு ஆட்கள் யாராவது வந்திருக்கிறீர்களா? அங்கே போர்வெல் தண்ணீர் உப்பாகி வருவதை நான் சொல்ல வேண்டியதில்லை. இதில் ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. நன்னீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1000 கிலோ. கடல்நீர் சுமார் 1025. வித்தியாசம் 25. ஆயிரத்தை இருபத்தைந்தால் வகுத்தால் நாற்பது. கடலோர மணலுக்கடியில் கனமான உப்புநீர்மேல் நன்னீர் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், மட்டத்துக்குக் கீழே நாற்பது மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். அந்த மேல் மீட்டரை நாம் இறைத்து எடுத்துவிட்டால், காலப்போக்கில் உப்பு நாற்பது மீட்டர் மேலே ஏறி வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கைபன் என்ற டச்சுக்காரரும், 1901இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே சொன்னது இது. உங்கள் பாடத்திட்டத்தில் இந்தப் பெயர்கள் கிடையாது. ஆனால் இதில் இருப்பதெல்லாம் நீங்கள் படித்த மிதத்தலும் அடர்த்தியும்தான். அந்த உப்புநீரைப் பயிருக்குப் பாய்ச்சினால் ஏன் தண்ணீரில் நின்றுகொண்டே பயிர் வாடுகிறது என்று கேளுங்கள், வேதியியலில் கரைசல்கள் பாடத்துச் சவ்வூடு பரவல் வந்து நிற்கும். மூன்று பாடத்தையும் மூன்று நோட்டில் பிரித்து வைத்தது நாம்தான்.

உயிரியலுக்கும் ஒன்று. நெல் சி-3 தாவரம், கரும்பு சி-4. மக்காச்சோளம், சோளம், கரும்பு என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பீர்கள், தெரியும். சித்திரை வெயிலில் இரண்டுக்கும் என்ன நடக்கிறது? தண்ணீர் போய்விடாமல் இருக்க இலைத்துளைகள் ஒடுங்குகின்றன. உள்ளே கரியமில வாயு குறைகிறது. ரூபிஸ்கோ என்ற நொதிக்கு ஒரு கெட்ட பழக்கம்: கரியமில வாயு குறைந்தால் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். நெல்லில் இதனால் ஏற்கெனவே சேர்த்த கரிமத்தில் ஒரு பங்கு வீணாகிறது. கரும்பில் வெளி அடுக்கில் வேறொரு நொதி, ஆக்சிஜனை ஏறெடுத்தும் பார்க்காத நொதி, கரியமில வாயுவைப் பிடித்து உள்ளே இருக்கும் கற்றை உறை செல்களுக்குக் கொண்டுபோய்க் குவிக்கிறது. அங்கே இருக்கும் ரூபிஸ்கோவுக்குத் தப்பு செய்ய வாய்ப்பில்லை. இதை இப்படிப் புரிந்துகொண்டவன் கிரான்ஸ் அமைப்பு எதற்கு, முதல் விளைபொருள் ஏன் நான்கு கரிமம், ரூபிஸ்கோ எந்தச் செல்லில் என்ற மூன்று கேள்விக்கும் ஒரே கதையிலிருந்து விடை எடுப்பான். உருப்போட்டவனுக்கு அவை மூன்று தனித் தகவல்கள். ஒன்று நழுவினாலும் மீட்க வழி இல்லை.

மதிப்பெண் கணக்கையும் பார்த்துவிடுவோம், பெற்றோர்கள் அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள். சரிக்கு நான்கு, தவறுக்குக் கழித்தல் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைக் குறித்தால் சராசரியாகக் கேள்விக்குக் கால் மதிப்பெண் தேறும். நான்கில் இரண்டு நிச்சயம் தவறு என்று தள்ள முடிந்தால் அதே கேள்வி ஒன்றரை மதிப்பெண் பெறும். தள்ளுவது எப்படி? கப்பியின் இருபுறமும் எடை தொங்குகிறது, முடுக்கம் என்ன என்று கேட்டு நான்கு சூத்திரம் தருகிறார்கள். சூத்திரம் மறந்துவிட்டது. பரவாயில்லை. இரண்டு எடையும் சமமானால் எதுவும் நகராது, விடை பூஜ்யம் ஆகவேண்டும். ஒரு பக்கம் எடையே இல்லையென்றால் மற்றது சும்மா விழும், விடை ஜி ஆகவேண்டும். இந்த இரண்டு சோதனையிலும் தேறாத சூத்திரங்களை அடித்துவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும். 2025இல் 180 நிமிடத்தில் 180 கேள்வி, முந்தைய ஆண்டுகளில் இருந்த விருப்பத் தேர்வும் எடுக்கப்பட்டுவிட்டது. இயற்பியல் மிகக் கடினம் என்று பிள்ளைகள் அழுதுகொண்டே வெளியே வந்தார்கள். நாட்டிலேயே முதலிடம் 686. அதற்கு முந்தைய ஆண்டு 17 பேர் முழு மதிப்பெண் என்றேனே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேள்வி கொஞ்சம் திரும்பி நின்றால் இதுதான் நிலைமை.

படித்தது நிற்பதற்கு என்ன செய்வது? 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு மாணவர்கள் ஒரு பத்தியை நான்கு தடவை திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்ததை மூன்று தடவை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால்: 83 விழுக்காடு, மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டார்கள். திரும்பப் படித்தவர்களிடம் மிஞ்சியது 40, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் யார் தெரியுமா? திரும்பப் படித்தவர்கள். புத்தகம் முழுக்க மஞ்சள் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கும் பாப்பா, உன்னைத்தான் சொல்கிறேன்.

இது நமக்குப் புதிதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு பங்கீடு சொல்லியிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் அறிவில் கால்பங்குதான் வரும். உடன் படிப்பவரோடு பழகிப் பேசினால் இன்னொரு கால். மீதி அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான். பாடத்தைப் போற்றி நினைவில் வைக்கவும் அவர் சொல்கிறார். கேட்டதைத் திரும்ப நினைத்துப் பார்க்கவும், கேள்வி கேட்கவும், கேட்டவருக்கு விடை சொல்லவும் சேர்த்தே சொல்கிறார். அவருக்கும் முன்னால், ஒன்பதாம் நூற்றாண்டிலேயே, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இந்தப் பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்த செய்தி செப்பேட்டில் இருக்கிறது. மூன்று ஊர் வருமானத்தில் படிப்புச் சொல்லிக்கொடுத்த இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். கோச்சிங் கட்டணத்துக்கு நகையை அடகு வைக்கிற அம்மாக்கள் இதைக் கேட்டு என்னை முறைக்கலாம்.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. 2023 முதல் புதுச்சேரியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ இடங்களில் 10 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்திருக்கிறது. சேர்க்கை நடத்தும் சென்டாக்கின் விண்ணப்பம் வரும்போது அதற்கான சான்றிதழ்களைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் வயல்களுக்கு நடுவே மருத்துவக் கல்லூரிகள் நிற்கின்றன. கடலூர் சாலையில் பஸ்ஸில் அந்த வாசல்களைப் பார்த்துக்கொண்டே நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். ராத்திரி பிள்ளை படிக்கும்போது "எவ்வளவு முடிச்ச?" என்று கேட்பதை விட்டு, "இன்னிக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியவேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் அந்தப் பிள்ளை தமிழில், ஆங்கிலச் சொல் தடுக்காமல், நடந்ததை நடந்தபடி சொல்கிறதா, இல்லை ஒப்பிக்கிறதா என்பது உங்கள் காதுக்குத் தெரிந்துவிடும். நடுவில் "ஏன்?" என்று ஒரு தடவை கேளுங்கள். ஒப்பிக்கிறவர்கள் அங்கே நின்றுவிடுவார்கள்.

நேரம் ஆகிறது, கேள்விகளுக்கு இடம் விடவேண்டும். ஆனால் முதல் கேள்வி என்னுடையது. வளிமண்டலம் தண்ணீரைப் பத்து புள்ளி மூன்று மீட்டருக்கு மேல் ஏற்றாது என்றேன். ஏரிக்கரையில் நிற்கிற நெட்டைத் தென்னைகளில் சில இருபது மீட்டர் இருக்கும். அதன் உச்சியில் இளநீர் இருக்கிறது. மோட்டார் இல்லை, அடியில் சப்மெர்சிபிளும் இல்லை. தண்ணீர் எப்படி மேலே போயிற்று? தாவரங்களில் கடத்துதல் என்ற பாடத்தை 2024 நீட் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், அதனால் தேர்வில் வராது என்று நீங்கள் சொல்லலாம். வராதுதான். யார் முதலில் சொல்கிறீர்கள்? பின் வரிசையில் அந்தத் தம்பி கை தூக்குகிறான், மைக்கை அங்கே கொடுங்கள்.